பேரனுக்கும் கணவருக்கும் ஒரே கப்சூலா?

வாசகர் கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. நாலரை வயதுப் பேரன் எங்களோடு இருந்து முன்பள்ளிக்குப் போகிறான். இந்த வருடத்தில் மூன்று தரம் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து அன்ரிபயோட்டிக் கொடுத்தோம். ஒவ்வொரு தரமும் மருந்து தொடங்கி மூன்றாம் நாள் வயிற்றோட்டம் பிடித்துவிடுகிறது. என் கணவர் தெல்லிப்பழையில் கீமோ சிகிச்சை எடுத்துவருகிறார். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சின் மேற்பகுதியில் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த இளைய மகள் ஒரு போத்தல் புரோபயோட்டிக் (நன்மை செய்யும் என்று கருதப்படும் உயிருள்ள நுண்ணுயிர்) கப்சூல் தந்துவிட்டுப் போனாள். "நோயெதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் கொடுங்கள் அம்மா" என்கிறாள். இந்தப் பற்றீரியா உண்மையில் குடலில் என்ன செய்கிறது? நான் படிப்பித்த காலத்தில் குடலைச் சமிபாட்டோடு முடித்துவிடுவோம். பேரனுக்குக் கப்சூலைத் திறந்து பாலில் கலந்து கொடுக்கலாமா? கணவருக்கும் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணவருடைய புற்றுநோய் வைத்திய நிபுணர் சம்மதிக்கும்வரை அவருக்கு அந்தக் கப்சூலைக் கொடுக்க வேண்டாம். பேரனுக்காகக் கூட, கணவர் படுத்திருக்கும் அறையில் வைத்து அதைத் திறக்க வேண்டாம். இரண்டாவது வசனம் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் குடற்சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மருத்துவ பீடத்தில் முதலாம் வருடம், சுருட்குடலின் மெல்லிய வெட்டு ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். விரல் விரலாகச் சடைமுளைகள், இளஞ்சிவப்பில் வரிசையாக நின்றன. கண்ணாடித் தட்டை மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் சடைமுளைகள் குட்டையாகி மறைந்துபோக, அதன் கீழே கருநீலத்தில் உருண்டை உருண்டையாகக் கலங்கள் நெருங்கிக் கிடந்தன. துணியில் மை சிந்தி ஊறியது போன்ற தோற்றம். ஏதோ நோய் பிடித்த குடலின் வெட்டு என்று நினைத்து விரிவுரையாளரைக் கூப்பிட்டேன். "இதுதான் சுகமான குடல். இது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்" என்றார் அவர்.

அந்தக் கருநீலப் பொட்டுகளுக்குப் பேயர் திட்டுகள் என்று பெயர். ஜோஹான் கொன்ராட் பேயர் என்ற சுவிஸ் மருத்துவர் 1677இல் அவற்றை விவரித்து எழுதினார். அவை எதற்காக இருக்கின்றன என்பது விளங்குவதற்கு இன்னும் முந்நூறு வருடங்கள் தேவைப்பட்டன. பிறக்கும் குழந்தையில் ஏறத்தாழ 100 திட்டுகள் இருக்கும். பருவ வயதில் 200ஐத் தாண்டும். பிறகு வயதோடு குறையும். ஆக, உங்கள் பேரனிடம் இந்த இழையம் இப்போதுதான் பெருகிக்கொண்டிருக்கிறது. பேயர் திட்டுகளோடு, குடற்சுவர் முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறு நிணநீர் முடிச்சுகளையும், நாம் ஒன்றுக்கும் உதவாதது என்று நினைத்த குடல்வாலையும், குடலைத் தாங்கும் சவ்விலுள்ள நிணநீர்க்கணுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் சொன்னது இந்தத் தொகுதியைத்தான். நம் உடலில் பிறபொருளெதிரி (கிருமியில் ஒட்டி அதைத் தடுக்கும் புரதம்) உண்டாக்கும் கலங்களில் பெரும்பகுதி குடற்சுவரில் இருக்கிறது என்பது உண்மை. அவள் தவறாகச் சொல்லவில்லை.

அங்கே ஏன் இவ்வளவு காவல்? வாயிலிருந்து முடிவுவரை விரித்துப் பார்த்தால் சமிபாட்டுத் தொகுதியின் உட்பரப்பு 30 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். நமது பழைய வீடுகளின் விறாந்தையையும் ஓர் அறையையும் சேர்த்த அளவு. அந்தப் பரப்பின் பெரும்பகுதியில் வெளியுலகத்துக்கும் இரத்தத்துக்கும் இடையே நிற்பது ஒரேயொரு கலத் தடிப்புள்ள மேலணி. அதுவும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அந்த மெல்லிய படலத்தின் மேல் ஒவ்வொரு நாளும் சோறும் மீனும் பாலும் கிணற்று நீரும் போகின்றன. பெருங்குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் கணக்கிட்டார்கள். இவற்றில் எது உணவு, எது கூடியிருப்பது, எது எதிரி என்று பிரித்தறிவதுதான் இந்த இழையத்தின் தலையாய வேலை. சண்டை பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

இதைப் பலரும் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பது என் மனக்குறை. "நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று போத்தலில் எழுதியிருந்தால், கூட்டுவது நல்லதுதானே என்று நினைக்கிறோம். குடலில் நோயெதிர்ப்பு அளவுமீறிக் கூடினால் நாம் சாப்பிடும் கோதுமையோடும் நமது சொந்தப் பற்றீரியாவோடும் அது சண்டைக்குப் போகும். கோதுமைப் புரதத்தால் குடற்சுவர் அழிகின்ற நோயும், இரத்தமாகக் கழிகின்ற நாட்பட்ட குடல் அழற்சியும் அப்படித்தான் வருகின்றன. நல்ல குடலில் காவலாளி விழித்திருப்பான். ஆனால் கதவைத் தட்டுகிற ஒவ்வொருவர் மேலும் பாய மாட்டான்.

பேயர் திட்டின் கூரையில் 'எம் கலம்' என்று ஒரு வகை மேலணிக் கலம் இருக்கிறது. அதன் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்து, ஒரு பை போலிருக்கும். குடலுக்குள் இருக்கிற பற்றீரியாவையோ அதன் துண்டையோ எடுத்து, உடைக்காமல், அந்தப் பைக்குள் அனுப்பிவிடும். அங்கே கிளை விரித்த கலங்கள் காத்திருந்து, வந்ததைப் பிரித்து, ரி கலங்கள், பி கலங்கள் என்ற இரு வகை வெண்குருதிக் கலங்களுக்கும் காட்டும். பி கலங்கள் அங்கே பெருகி, நிணநீரோடு நெஞ்சறை நிணநீர்க் கானுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குடற்சுவருக்கே திரும்பி வந்து குடியேறி, ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியைச் சுரக்கத் தொடங்குகின்றன. நாளொன்றுக்குப் பல கிராம் ஐஜிஏ குடலுக்குள் போகிறது; உடல் உண்டாக்கும் மற்றப் பிறபொருளெதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. ஐஜிஏ பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, சுவரைத் தொடவிடாமல் சீதத்திலேயே நிறுத்திவிடும்.

திரும்பி வருகிற கலங்களில் ஒரு பங்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் பாலூட்டும் தாயின் மார்புக்கும் போகிறது. தாய் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறாளோ, எந்தச் சந்தைக் கீரையைச் சாப்பிடுகிறாளோ, அதோடு வந்த கிருமிகளுக்கு எதிரான ஐஜிஏ அவளுடைய பாலில் இருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். போலியோ சொட்டு மருந்தை நாங்கள் நாக்கில் விட்டதும் இதே வழியை நம்பித்தான். வலுக்குறைத்த வைரசு இந்தக் குடல் இழையத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, குடலிலேயே ஐஜிஏ உண்டாகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையம் தானாக முதிர்வதில்லை. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளில் பேயர் திட்டுகள் சூம்பிப்போய் இருக்கும். ஐஜிஏ மிகக் குறைவாக இருக்கும். அந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடற்பற்றீரியாவைக் கொடுத்தால் திட்டுகள் பருத்துச் செயற்படத் தொடங்கும். பற்றீரியா இல்லாமல் இந்தக் காவல் வளராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நமது குழந்தைகளுக்கு அந்தப் பற்றீரியா பிறப்பின்போது தாயிடமிருந்தும், பிறகு பாலிலிருந்தும், மண்ணிலிருந்தும், வீட்டாரின் கைகளிலிருந்தும் வருகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் சமிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை நிறைய இருக்கிறது. அது குழந்தைக்கான உணவே இல்லை. பிபிடோபற்றீரியம் என்ற குடற்பற்றீரியாவுக்கான உணவு.

கப்சூலில் இருக்கும் பற்றீரியாவும் இந்தப் பேச்சில் கலந்துகொள்கிறது. இலக்டிக் அமிலம் சுரந்து பக்கத்தில் இருக்கிற தீய கிருமிகளுக்கு இடத்தைச் சங்கடமாக்குகிறது. சில குலவகைகள் (ஒரே இனத்துக்குள் உள்ள தனித்தனி வகைகள்) சீதம் சுரக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. மேலணிக் கலங்களுக்கு இடையிலுள்ள மூட்டுகளை இறுக்குகின்றன. கிளை விரித்த கலங்கள் அவற்றின் உறையைத் தொட்டுப் பார்த்து, அடங்கு என்று கட்டளையிடும் ரி கலங்களை வளர்க்கின்றன. பெருங்குடலில் இன்னொரு வேலை நடக்கிறது, அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்கே குடியிருக்கும் பற்றீரியாக்கள் நாம் சமிக்காமல் விட்ட நாரையும் மாவையும் நொதிக்கச் செய்து பியூற்றிரேற் என்ற சிறு கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் மேலணிக் கலங்களின் பிரதான எரிபொருள் அதுதான். அடக்கும் ரி கலங்கள் பெருகுவதற்கும் அது துணை என்று 2013இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. கப்சூலில் வரும் இலக்டோபசிலசு பியூற்றிரேற் செய்வதில்லை. அதைச் செய்பவை ஏற்கெனவே குடியிருக்கும் வேறு பற்றீரியாக்கள். அவற்றுக்கு வேண்டியது உங்கள் சமையலறையில் இருக்கிறது.

இதெல்லாம் வழி. வழி இருக்கிறது என்பதால் ஊர் வந்துவிடாது. குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட பற்றீரியா உதவுமா என்று மனிதரில் பார்த்த ஆய்வுகளைத்தான் நான் நம்புவேன். அங்கே கதை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஒடிசாவின் கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. இலக்டோபசிலசு பிளாண்டாரத்தின் ஒரு குலவகையை, அதற்கான உணவுச் சர்க்கரையோடு, பிறந்து சில நாட்களில் ஒரு வாரம் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 100இல் 9 என்ற நிலையிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. நம்மைப் போன்ற சூழலில், ஏழை வீடுகளில் நடந்த ஆய்வு என்பதால் எனக்கு அதில் பெரிய மதிப்பு. அடுத்த வருடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,800க்கு மேற்பட்ட பிள்ளைகளில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சாதாரண வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளுக்கு மிகப் பிரபலமான இரண்டு தயாரிப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் இல்லை.

குலவகை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'மாம்பழம்' என்று எழுதி அனுப்பினால் கறுத்தக்கொழும்பான் வருமா, அம்பலவி வருமா, நார் நிறைந்த புளி மாங்காய் வருமா? 'இலக்டோபசிலசு' என்று மட்டும் எழுதியிருக்கும் போத்தலும் அப்படித்தான். உங்கள் போத்தலில் பேரினப் பெயர், இனப் பெயர், அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாகக் குலவகையின் குறியீடு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2020இல் இலக்டோபசிலசு பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் பழக்கமில்லாத நீண்ட பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். உயிருள்ள பற்றீரியாவின் எண்ணிக்கை காலாவதித் திகதிவரை உறுதி என்று இருக்கிறதா, தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையா என்பதையும் பாருங்கள். ஓகஸ்ட் வெயிலில் கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம்வரை பயணப்பெட்டிக்குள் வந்த போத்தல் அது. குளிரில் வைக்கச் சொல்லும் வகையாக இருந்தால் உள்ளே எத்தனை உயிரோடு இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பேரனுடைய வயிற்றோட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் மகளின் யோசனையில் நியாயம் இருக்கிறது. அன்ரிபயோட்டிக் எடுக்கும் பிள்ளைகளில் 6,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 2019இல் வந்தது. புரோபயோட்டிக் எடுக்காதவர்களில் 100க்கு 19 பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. எடுத்தவர்களில் 8 பேருக்கு. அதில் நல்ல பலன் காட்டியவை இலக்டோபசிலசு ராம்னோசசும், சக்கரோமைசெசு புலார்டி என்ற மதுவமும் (ஈஸ்ட்). மதுவத்தைக் கண்டெடுத்தவர் ஹென்றி புலார் என்ற பிரெஞ்சுக்காரர். 1920களில் இந்தோசீனாவில் கொலரா பரவியபோது, லிச்சி, மங்குசுத்தான் பழங்களின் தோலை அவித்துக் குடித்தவர்கள் தப்பியதைக் கவனித்து, அந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்தார். ஆகவே அடுத்த தரம் அன்ரிபயோட்டிக் கட்டாயம் என்று வந்தால், இந்த இரண்டில் ஒன்று உங்கள் போத்தலில் இருந்தால், பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம் லேபிளைக் காட்டிக் கேட்டுவிட்டு, மருந்து முடியும்வரை கொடுக்கலாம். அன்ரிபயோட்டிக்குக்கும் பற்றீரியாக் கப்சூலுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். பால் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கலந்தால் கொடுப்பது செத்த பற்றீரியா. மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டாம். அன்ரிபயோட்டிக்குக்குப் பின் புரோபயோட்டிக் எடுத்தவர்களில் சொந்தப் பற்றீரியா திரும்பிவரத் தாமதமானது என்று இஸ்ரேலில் நடந்த சிறிய ஆய்வொன்று 2018இல் காட்டியது. விருந்தாளி அதிக நாள் தங்கினால் வீட்டுக்காரருக்கு இடமில்லாமல் போகும்.

ஆனால் ஆசிரியை, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று தரமும் அன்ரிபயோட்டிக் தேவைப்பட்டதா? நாலரை வயதில் தொண்டை நோவும் தடிமனும் பெரும்பாலும் வைரசால் வருபவை. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தரம் தடிமன் வருவது வழமை. அதை நோயெதிர்ப்புக் குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. வைரசுக்கு அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது; குடலில் பியூற்றிரேற் செய்துகொண்டிருந்த குடியிருப்பாளர்களைத்தான் கொல்லும். அடுத்த முறை டொக்டரிடம், "இது பற்றீரியாவால் வந்ததா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் கட்டாயம் என்று சொன்னால் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள், இடையில் நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் முதல் மருந்து ஜீவனிக் கரைசல். புரோபயோட்டிக் அதற்கு ஈடாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து கண் குழிந்து போனாலோ வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தடிமனைத் தடுக்க இந்தக் கப்சூலைக் கொடுக்கலாமா என்றால், சிறிய நன்மை இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. சான்று வலுவாக இல்லை. அதற்காக நான் என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் கொடுப்பது வேறு. எங்கள் வீட்டில் அம்மா இரவுச் சோற்றில் கொதித்தாறிய நீரை ஊற்றி மண்சட்டியில் மூடிவைப்பார். காலையில் அதைப் பிழிந்தெடுத்து, தயிர் விட்டு, சின்ன வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் குழைப்பார். நாங்கள் நாலு பேரும் சுற்றியிருந்து கையை நீட்டுவோம். உருண்டை உருண்டையாக உள்ளங்கையில் வைப்பார். மணிக்கட்டு வழியே வழிகிற மோரை நக்கிக்கொண்டே சாப்பிடுவோம். அந்த உருண்டைக்குள் என்ன இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். சோற்று நீரில் இரவெல்லாம் பெருகிய இலக்டிக் அமிலப் பற்றீரியா இருந்தது. ஆறிய சோற்றில் சமிக்காத மாப்பொருள் சற்றுக் கூடும்; அதுவும் சின்ன வெங்காயத்தின் நாரும் பெருங்குடல்வரை போய்ப் பியூற்றிரேற்றுக்கு மூலப்பொருளாகும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் நொதித்த உணவுகளை அதிகமாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய குடற்பற்றீரியாவின் வகைகள் கூடின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. 2021இல் அதை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மண்சட்டிதான்.

தயிரைப் பற்றி அளவாகவே சொல்வேன். வீட்டுத் தயிரில் எந்தக் குலவகை எத்தனை இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே அதை மருந்து என்று சொல்ல மாட்டேன், நல்ல உணவு என்பேன். கொதிக்க வைத்த மோர்க் குழம்பிலும் சுட்ட தோசையிலும் உயிருள்ள பற்றீரியா இருக்காது. ருசிக்காகச் சாப்பிடுங்கள். பேரனுக்குத் தினமும் ஒரு சிறு கிண்ணம் சீனி போடாத தயிர், கதலி வாழைப்பழம், பயறு, முருங்கையிலை, குரக்கன், வாரத்தில் இரண்டு நாள் ஒடியல் மா என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பலவகை நார் போனால் பலவகைப் பற்றீரியா வாழும். பழஞ்சோறு கொடுப்பதாக இருந்தால், வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெறுமனே திறந்து வைக்காமல் ஆறியவுடன் நீர் ஊற்றுங்கள். சோற்றில் வித்தியாகத் தப்பிப் பிழைக்கும் ஒரு பசிலசு, வெப்பத்தில் வைத்த சோற்றில் நஞ்சு சுரந்து வாந்தியை உண்டாக்கும். வாசம் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கிணற்று நீரையும் இதோடு சேர்க்கிறேன். நமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மலசலகூடக் குழியிலிருந்து கசிவது அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே பக்கத்து வளவுக் கிணற்றுக்கு வந்து சேரும். திரும்பத் திரும்ப மலக்கிருமி போய்க்கொண்டிருக்கும் குழந்தையின் குடலில் சடைமுளைகள் தேய்ந்து குட்டையாகிவிடும். வாய்வழித் தடுப்பு மருந்துகள் கூடச் சரியாகப் பிடிக்காது. வளவுகளை நெருக்கமாகப் பிரித்துக் கட்டும் கொக்குவில் போன்ற இடங்களில் நான் கப்சூலைக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேட்பேன். கொதித்தாறிய நீரைத் தவிர வேறு எதையும் பேரனுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கணவர். கீமோ மருந்து வேகமாகப் பிரிகிற கலங்களைத் தாக்கும். புற்றுக்கலங்கள் அப்படிப் பிரிபவை. குடலின் மேலணிக் கலங்களும் அப்படியே. நான் மேலே சொன்ன அந்த ஒரு கலத் தடிப்புச் சுவர், கீமோ எடுத்த சில நாட்களில் புண்ணாகி, இடையிடையே வெறுமையாகிவிடும். அதே நாட்களில் வெண்குருதிக் கலங்களும் குறைந்துவிடும். சுவரும் இல்லை, காவலும் இல்லை. சுகமானவரின் குடலில் சாதுவாக இருக்கும் பற்றீரியா அப்போது இரத்தத்துக்குள் நுழையலாம். இது அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் உயிருக்கு ஆபத்து. நெதர்லாந்தில் கடுமையான சதையி (கணைய) அழற்சியோடு இருந்தவர்களுக்குப் புரோபயோட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. கொடுத்தவர்களில் 16 வீதமும் கொடுக்காதவர்களில் 6 வீதமும் இறந்தார்கள். அந்த நோய் வேறு, உங்கள் கணவரின் நோய் வேறு. ஆனாலும் 'இயற்கையானது, தீங்கு வராது' என்ற பேச்சை அந்த ஆய்வுக்குப் பிறகு நான் எவர் வாயிலிருந்தும் ஏற்றுக்கொள்வதில்லை.

அறையில் வைத்துத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? கப்சூலைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் எழும்பும், விரல்களில் ஒட்டும். அது அந்த மதுவமாக இருந்தால், அதே கையோடு கணவரின் நெஞ்சுக் குழாயை மூடியிருக்கும் பிளாஸ்டரை நீங்கள் சரிசெய்தால், குழாய் வழியே நேரே இரத்தத்துக்குப் போக முடியும். இப்படி, தான் அதைச் சாப்பிடாமலே பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்ததால் மதுவம் இரத்தத்தில் பரவியவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். மைய நாளத்தில் குழாய் உள்ளவர்களுக்கு இந்த மதுவத்தைக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் அறிவித்திருக்கிறது. பேரனுக்கு எப்போதாவது கப்சூல் திறக்க நேர்ந்தால் குசினியில் வைத்துத் திறந்து, மேசையைத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பிறகு கணவரிடம் போங்கள்.

கீமோ நடக்கும் காலத்தில் அவருக்குப் பழஞ்சோறு வேண்டாம். காய்ச்சாத பாலில் உறைய வைத்த தயிரும் வேண்டாம். வெண்குருதிக் கலம் குறைந்திருக்கும் நாட்களில் கடை யோகட்டையும் தாதியிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அன்றன்று சமைத்த சூடான சோறு, நன்றாக வேகவைத்த பருப்பு, கழுவித் தோலுரித்த வாழைப்பழம் கொடுக்கலாம். வாய்ப்புண் இருந்தால் உறைப்பைக் குறைத்துக் கஞ்சியாக. சிகிச்சை முடிந்து கலங்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்தபின் தயிரும் நொதித்த சோறும் அவருக்கும் நல்லது. அந்த நாளை வைத்தியரே சொல்வார். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும், பரசிற்றமோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

மகளுக்குக் கோபம் வராமல் சொல்லுங்கள். அவள் தூரத்தில் இருந்துகொண்டு தன்னால் முடிந்ததைத் தூக்கிவந்து தந்திருக்கிறாள். அடுத்த கீமோவுக்குத் தெல்லிப்பழைக்குப் போகும்போது அந்தப் போத்தலைத் திறக்காமல், லேபிள் கிழியாமல், ஒரு பையில் போட்டு மூடிக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்ததும் கணவரின் மருந்துப் பெட்டிக்குள் வைக்காமல், குசினி அலுமாரியின் மேல்தட்டில், பேரனின் பெயரை ஒட்டி வைத்துவிடுங்கள்.